வால்வு மாற்றியவர்கள் நெல்லையில் சைக்கிள் ஓட்ட: லேப், மருந்துக்கடை, ரோடு

திருநெல்வேலி, பாளையங்கோட்டை வட்டாரத்தில் இதய வால்வு ஆபரேஷன் ஆனவருக்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண்ணைப் பார்க்க லேப், எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்க இதய டாக்டர், கியர் சைக்கிளைப் பிரித்து மாட்டத் தெரிந்த கடை எதற்கும் குறைவில்லை. ஆனால் என்ன வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் சரியானது கைக்கு வரும். வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து, ஊர் ரோட்டில் மறுபடி சைக்கிள் மிதிக்க நினைக்கிறவர்களுக்காக நாங்கள் கண்டதையும் விசாரித்ததையும் இங்கே எழுதுகிறோம்.

நெஞ்செலும்பை அறுத்துச் செய்த ஆபரேஷன் என்றால் முதல் 12 வாரம் ரோட்டில் சைக்கிள் கிடையாது. எலும்பு கூடி உறுதிப்பட அவ்வளவு நாள் ஆகும். அதற்கு முன் நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள்தான், அதுவும் டாக்டர் சொன்ன பிறகு. மிதிக்கிற கால் என்னவோ சீக்கிரம் தயாராகிவிடும். பள்ளத்தில் இறங்கும்போது ஹேண்டில்பாரைத் தாங்குகிற நெஞ்சுதான் தாமதம். இருமும்போதோ கையூன்றி எழும்போதோ நெஞ்செலும்பில் 'டிக்' என்று அசைந்தால் ஊர்ப் பயணத்திலும் சைக்கிளை மறந்துவிடுங்கள், சர்ஜனைப் பாருங்கள். பெருந்தமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) வீங்கியிருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள், எவ்வளவு சிரமம் எடுக்கலாம் என்பதைக் கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கையில் மூன்று காகிதம் இருக்கட்டும்: வால்வு கார்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் முடிந்து எடுத்த முதல் எக்கோ ரிப்போர்ட். மூன்றாவதைத்தான் பெரும்பாலானோர் வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள். செயற்கை வால்வு வழியாக ரத்தம் போகும்போது ஓரளவு அழுத்த வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். எவ்வளவு என்பது வால்வின் வகையையும் அளவையும் பொறுத்தது. பழைய ரிப்போர்ட்டில் உள்ள 'மீன் கிரேடியன்ட்', அதாவது அந்த அழுத்த வித்தியாசத்தின் சராசரி எண், தெரிந்தால்தான் இங்கே எக்கோ எடுக்கும் டாக்டர், இன்றைய எண் புதிதாக ஏறியதா, எப்போதும் உள்ளதா என்று சொல்ல முடியும்.

அடுத்தது ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் வார்ஃபரின் போன்ற மாத்திரை. மெட்டல் வால்வு உள்ளவர்கள் தங்குகிற நாளுக்கும் மேல் இரண்டு வாரத்துக்கான மாத்திரை கொண்டுவந்துவிடுவது நல்லது. மருந்துக்கடையில் வழக்கமாக நடக்கும் பேச்சு இப்படி:

"அண்ணாச்சி, வார்ஃபரின் அஞ்சு எம்ஜி இருக்கா?"

"அது இல்ல சார், அசிட்ரோம் இருக்கு. ரெண்டும் ஒண்ணுதான், தரட்டா?"

ஒன்றில்லை. அசிட்ரோம் என்பது அசினோகூமரால். உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறைய 8 முதல் 11 மணி நேரம். வார்ஃபரினுக்குச் சுமார் 40 மணி நேரம். மில்லிகிராமும் ஒன்றுக்கொன்று ஈடாகாது. கடைக்காரர் நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் மாற்றுவது டாக்டர் வேலை. நிறத்தை நம்பியும் வாங்கக் கூடாது. பிரிட்டனில் ரோஸ் நிற வார்ஃபரின் 5 மில்லிகிராம், அமெரிக்காவில் அதே ரோஸ் 1 மில்லிகிராம், இங்கே நிறம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அட்டையில் மருந்தின் பெயரையும் எம்ஜியையும் படித்துப் பார்த்து வாங்குங்கள். 'டெஸ்டே எடுக்க வேண்டாத புது மாத்திரை வந்திருக்கு' என்று உறவினரோ வேறு யாரோ சொன்னால் மெட்டல் வால்வுக்காரர்கள் காதில் வாங்கவே வேண்டாம். அப்படிப்பட்ட புது மாத்திரைகளில் ஒன்றான டாபிகாட்ரானை மெட்டல் வால்வில் வைத்துச் செய்த ஆய்வில் ரத்தக்கட்டும் ரத்தப்போக்கும் கூடுதலாக இருந்தன. அது 2013-இல் வெளியானது. இன்னொரு புது மாத்திரையான அபிக்சபான் ஆய்வும் 2022-இல் பாதியில் நிறுத்தப்பட்டது. விலங்குத் திசுவால் செய்த வால்வு வைத்த திசு வால்வுக்காரர்கள் கதை வேறு. பலருக்கு முதல் சில மாதம் கழித்து ஆஸ்பிரின் மட்டும்தான்.

இனி லேப். பயணத்தின் பாதி நிம்மதி இங்கேதான் இருக்கிறது. வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சி, ஐகிரவுண்டு பக்கம் நடக்கிற தூரத்துக்கு ஒரு லேப். 'பி.டி. ஐ.என்.ஆர்.' என்று கேட்டால் போதும். காலையில் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் ரிப்போர்ட் போனுக்கே வந்துவிடுகிறது. மாத்திரையை ராத்திரி சாப்பிடச் சொல்வதும் இதற்காகத்தான்: ரிப்போர்ட்டைப் பார்த்து அன்றைக்கே அளவை மாற்றலாம்.

கவனிக்க வேண்டியது ரத்தம் எடுக்கும் நிமிடம். ஐ.என்.ஆருக்கு நீல மூடி டியூப். அதில் சிட்ரேட் கரைசல் ஏற்கெனவே இருக்கும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்பது கணக்கு. 3 மில்லி டியூப் என்றால் 2.7 மில்லி ரத்தம். டியூப்பில் போட்டிருக்கும் கோடு வரைக்கும் ரத்தம் ஏற வேண்டும். நரம்பு சரியாகக் கிடைக்காமல் முக்கால் டியூப்போடு நிறுத்தினால் சிட்ரேட் மிஞ்சி, ஐ.என்.ஆர். உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். அதை நம்பி மாத்திரையைக் குறைத்தால் வால்வில் ரத்தக்கட்டு வரும் ஆபத்து. 'கோடு வரைக்கும் வந்துருச்சா தம்பி' என்று கேட்டுவிட்டுக் கையை மடக்குங்கள், யாரும் தப்பாக நினைப்பதில்லை. வீட்டுக்கே வந்து எடுக்கும் வசதியும் இருக்கிறது. ஆனால் சாம்பிள் வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் ஊரெல்லாம் சுற்றிவிட்டுத்தான் லேப் சேரும். முடிந்தவரை நேரில் போய்க் கொடுப்பதே மேல். இருக்கிற நாள் முழுக்க ஒரே லேபில் பார்த்தால் எண்களை ஒப்பிடவும் வசதி.

விரல் நுனி ரத்தத்தில் பார்க்கும் கோவாகுசெக் மீட்டர் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்ட்ரிப்பை 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது, மீட்டரும் 32 டிகிரிக்கு மேல் ஒழுங்காக வேலை செய்யாது. சித்திரை மதியத்தில் ஓட்டு வீட்டுக்குள் வைத்துப் பார்த்தால் எர்ரர்தான் வரும். விடியற்காலையிலோ ஏ.சி. அறையிலோ பாருங்கள், முதல் தடவை லேப் ரிப்போர்ட்டோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வந்த மூன்றாம் நான்காம் நாள் ஒரு டெஸ்ட், பிறகு வாரம் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். மெட்டல் வால்வு பெருந்தமனி இடத்தில் இருந்தால் ஐ.என்.ஆர். பொதுவாக 2 முதல் 3, மைட்ரல் இடத்தில் (இதயத்தின் இடப்பக்க இரண்டு அறைகளுக்கு நடுவே) 2.5 முதல் 3.5 இருக்க வேண்டும். உங்கள் டாக்டர் சொன்ன எண்ணே இறுதி. 4-ஐத் தாண்டியிருந்தால் அது இறங்கும்வரை சைக்கிளைத் தொடாதீர்கள் என்பது எங்கள் அழுத்தமான கருத்து. விழுந்தால் வெளியே தெரிகிற காயத்தைவிட உள்ளே கசிவதுதான் பயம்.

ஊரில் எண் ஏறி இறங்கச் சாப்பாடு ஒரு காரணம். நெல்லைக் கூட்டாஞ்சோறு முருங்கைக்கீரை இல்லாமல் இறங்காது. பெரியம்மா வீட்டில் ஒரு நாள், மைனி வீட்டில் மறுநாள் என்று கீரை அடுத்தடுத்து வந்தால் ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே கூடி ஐ.என்.ஆர். இறங்கும். கீரையை ஒதுக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு எத்தனை தடவை என்று முதலிலேயே சொல்லிவைத்து, அதே அளவில் சாப்பிட்டால் போதும். சொதி, அவியல் பற்றிப் பெரிய கவலை இல்லை. அப்பளம், மோர்மிளகாய், கருவாட்டில் உள்ள உப்புதான் இதயம் பலவீனமானவர்களுக்கு ஆகாது. இளநீரில் பொட்டாசியம் அதிகம். பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும் ராமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தினமும் இரண்டு மூன்று என்று குடிக்கும் முன் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

சாப்பாட்டைவிடப் பெரிய ஆபத்து வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் மாத்திரை. தெருமுனை கிளினிக்கில் மெட்ரோனிடசோல், அல்லது ஓஃப்ளாக்சசினும் ஓர்னிடசோலும் சேர்ந்த மாத்திரை சர்வசாதாரணம். இவை வார்ஃபரினோடு சேர்ந்தால் ஐ.என்.ஆர். மளமளவென்று ஏறும். வயிறு சரியில்லாமல் சாப்பாடு குறைவதும் அதையே செய்யும். வேறு வழியில்லாமல் எடுத்தால் இரண்டு மூன்று நாளில் டெஸ்ட் பாருங்கள். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் மாத்திரை வேண்டாம், 'ஊசி போட்டாத்தான் கேக்கும்' என்றால் கண்டிப்பாக வேண்டாம். தசையில் போடும் ஊசி ரத்தம் கட்டிப் பெரிதாக வீங்கும். வலிக்கு அளவோடு பாரசிட்டமால்.

100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்து நின்றால், 'ஃப்ளூவாத்தான் இருக்கும்' என்று ஆன்டிபயாடிக்கை விழுங்கிவிடக் கூடாது. வால்வில் கிருமி தொற்றியிருக்கிறதா என்று தெரிய, ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே இரண்டு மூன்று தனித்தனி இடத்தில் குத்தி, ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் ரத்தக் கல்ச்சர் எடுக்க வேண்டும். ஒரு டோஸ் உள்ளே போய்விட்டால் கிருமி கல்ச்சரில் பிடிபடாமல் போகலாம். ஊரில் செலவு குறைவு என்று பல்லைச் சுத்தம் செய்யப் போகிறவர்கள், வால்வில் கிருமி தொற்றாமலிருக்க, அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு அமாக்சிசிலின் 2 கிராம் எடுக்க வேண்டும். பெனிசிலின் அலர்ஜி உள்ளவர்களுக்கு வேறு மருந்து.

சைக்கிள் விஷயத்துக்கு வருவோம். சொந்த சைக்கிளைச் சென்னையிலிருந்து ரயிலில் கொண்டுவர நெல்லை எக்ஸ்பிரஸ் மாதிரி பார்சல் பெட்டி உள்ள வண்டி வேண்டும். வந்தே பாரத்தில் அது கிடையாது. உங்கள் டிக்கெட்டைக் காட்டி 'லக்கேஜ்' என்று பதிந்தால் அதே வண்டியில் வரும். 'பார்சல்' என்று பதிந்தால் வேறு வண்டியில் பிந்தி வரலாம். பெட்டியை நீங்கள் தூக்காதீர்கள், போர்ட்டருக்குக் கொடுக்கிற காசு நெஞ்செலும்புக்குச் செய்கிற செலவு. ஏற்றி இறக்குவதில் முதலில் வளைவது பின் கியரைத் தாங்கும் ஹேங்கர். அது மாடலுக்கு மாடல் வேறு, இங்கே தேடிப் பிடிக்க முடியாது. ஒன்று உபரியாக எடுத்துவாருங்கள்.

உள்ளூரில் வாங்கினாலும் இரவல் எடுத்தாலும் ஹேண்டில்பார் சீட் உயரத்துக்கோ அதற்கு மேலோ இருக்கட்டும், நெஞ்சில் பாரம் குறையும். ஷூவைப் பூட்டும் பெடல் இப்போதைக்கு வேண்டாம். பிரேக்கை ஏறும் முன் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். இங்கே வலது கை முன் சக்கரம். அமெரிக்காவிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வருகிறவர்களின் கைப்பழக்கம் இதற்கு நேர்மாறு. டயர் 32 மில்லிமீட்டருக்குக் குறையாமல், முள் தாங்கும் பட்டை உள்ளதாக இருக்கட்டும். உடைமுள்ளும் சீமைக் கருவேல முள்ளும் இல்லாத ரோட்டோரம் இந்தப் பக்கம் இல்லை. மெல்லிய பிரெஸ்டா வால்வு டியூப் என்றால் பித்தளை அடாப்டர் ஒன்று பையில் வேண்டும், பஞ்சர் கடைக் குழாய் அதில் மாட்டாது. காற்றைக் கல் மாதிரி அடித்துத் தருவார்கள். 70 கிலோ ஆளுக்கு 35 மில்லிமீட்டர் டயரில் 50, 55 பி.எஸ்.ஐ. போதும். அதிர்வு நெஞ்சுக்கு வராது.

ரோட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் காற்றைப் பாருங்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று இரைச்சலோடு இறங்கும். அந்த மாதங்களில் பாளையங்கோட்டையிலிருந்து கிழக்கே கிருஷ்ணாபுரம், செய்துங்கநல்லூர் என்று போனால் போகும்போது சுகம், திரும்பும்போது களைத்த உடம்போடு எதிர்காற்று. ஆகவே அப்போது மேற்கே, மேலப்பாளையம், முன்னீர்பள்ளம் வழியாகப் பத்தமடை, சேரன்மகாதேவி பக்கம் கிளம்பி, காற்று தள்ளத் திரும்புவதே புத்தி. தை மாதக் காலையில் கிழக்கு வழி அருமை: சமதளம், இருபக்கமும் வயல். பங்குனி முதல் வைகாசி வரை வெளிச்சம் வந்ததும் ஏறி எட்டு மணிக்குள் வீடு சேர்ந்துவிடுங்கள். நான்குவழிச் சாலைகளும் தென்காசி ரோடும் வேண்டாம். பாபநாசத்துக்கு மேலே காரையாறு, மணிமுத்தாறுக்கு மேலே மாஞ்சோலை ஏற்றங்கள் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. ஏதாவது ஆனால் உதவி வர நேரமாகும்.

அறுவடை முடிந்த நேரம் ரோடே களமாகிவிடும். பிசானப் பருவ நெல் அறுக்கும் மாசி, பங்குனியில் பாதி ரோட்டில் நெல் காயும். ஓரத்தில் வண்டி ஏறாமலிருக்க வரிசையாகக் கல் வைத்திருப்பார்கள். நெல்லை அள்ளின பிறகும் சில கல் அங்கேயே கிடக்கும், விடியற்காலை இருட்டில் கண்ணில் படாது. உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அது டயருக்கு அடியில் வழுக்கும், கொடி பின் கியரில் சுற்றி சக்கரத்தையே நிறுத்தும். வெள்ளைக் கோடு இல்லாத வேகத்தடையும் நாயும் எல்லா ஊருக்கும் பொது.

இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வாட்சில் தெரியும் இதயத் துடிப்பை வைத்து வேகத்தைத் தீர்மானிக்க முடியாது. அது எவ்வளவு மிதித்தாலும் ஏற மறுக்கும். பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பதே அளவு. பாதியில் மூச்சு வாங்கினால் கியரைக் குறையுங்கள். நிறுத்தும் முன் பத்து நிமிடம் மெதுவாக மிதியுங்கள். வெயிலில் சட்டென்று நின்றால் பிரஷர் இறங்கித் தலை சுற்றும். மெட்டல் வால்வின் 'டிக் டிக்' சத்தம் வழக்கத்தைவிட மங்கி, மூச்சும் வாங்கினால் அன்றே எக்கோ.

சைக்கிள் ஓட்டும்போது சட்டைப் பையில் தமிழில் எழுதிய அட்டை ஒன்று இருக்க வேண்டும். தூக்கிவிட வருகிறவர் படிப்பதற்கு இவ்வளவு போதும்: "இதய வால்வு மாற்றியவர். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். தலையில் அடி என்றால், பேசினாலும் நடந்தாலும் உடனே சி.டி. ஸ்கேன். தசையில் ஊசி போடாதீர்கள்." கீழே வீட்டு போன் நம்பர். ஆம்புலன்ஸுக்கு 108. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் வெளிநாட்டவருக்கும் பொருந்தும். ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரி தவிர, பதிவு செய்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் உண்டு. தங்கும் வீட்டுக்குப் பக்கத்தில் எது பட்டியலில் இருக்கிறது, எதில் ராத்திரியும் சி.டி. ஓடுகிறது என்பதை வந்த முதல் வாரமே விசாரித்து, அட்டையின் பின்பக்கம் எழுதி, கூட ஓட்டுகிறவரிடமும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.