வெளிநாட்டு மாணவர்கள் நம்மோடு பழக எது உதவும்: அறிமுக வாரமா, துணை மாணவரா, கூட்டுவேலையா?

பாலாற்றுக்கு இந்தப் பக்கம் சிஎம்சி மருத்துவக் கல்லூரி, அந்தப் பக்கம் காட்பாடியில் விஐடி, இன்னும் தள்ளிப் போனால் சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம். படிப்புக்காக வெளியூர், வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து தங்குவது வேலூருக்குப் புதிதல்ல. ஆனால் ஒரே விடுதியில் நான்கு வருஷம் இருந்துவிட்டு, உள்ளூர் நண்பர் ஒருவர்கூட இல்லாமல் ஊர் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு படித்த நம் பிள்ளைகளுக்கும் அது இழப்புதான். பண்பாடு தாண்டிப் பழகும் திறனைக் கற்றுக்கொடுக்கக் கல்லூரிகள் கையாளும் வழிகளில் எது உண்மையிலேயே பலன் தருகிறது என்று பார்ப்போம்.

அறிமுக வாரம்

எல்லோரும் செய்வது இதுதான். செலவு குறைவு, ஒரே அரங்கில் எல்லோரையும் உட்காரவைத்து முடித்துவிடலாம். சில விஷயங்களுக்கு இதைவிட நல்ல வழியும் இல்லை. 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருகிறவர்கள் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது, விடுதி விதிகள், உடம்பு சரியில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது, இதெல்லாம் முதல் வாரமே தெரிந்தாக வேண்டும்.

சிக்கல், அதே அரங்கில் பண்பாட்டையும் சொல்லி முடிக்கப் பார்ப்பதில் இருக்கிறது. வழக்கமாக, நாடுகளின் பண்பாட்டை ஒப்பிட்ட டச்சு ஆய்வாளர் ஹாஃப்ஸ்டெட்டின் அளவுகோல்களைத் திரையில் போட்டு, எந்த நாட்டில் அதிகாரத்துக்கு எவ்வளவு மரியாதை, எங்கே தனிமனிதப் போக்கு அதிகம் என்று எண்களாகக் காட்டுவார்கள். அந்த எண்களின் அடிப்படை, 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பு. நாடுகளின் சராசரியை வைத்துத் தனி ஆளை எடைபோடக் கூடாது என்று ஹாஃப்ஸ்டெட்டே எச்சரித்திருக்கிறார். குடியாத்தத்துப் பையனையும் டெல்லிப் பெண்ணையும் ஒரே எண்ணுக்குள் அடைக்க முடியுமா? அப்புறம், முதல் வாரத்தில் மாணவருக்குக் கேள்வியே எழுந்திருக்காது. புது இடத்தின் உற்சாகம் வடிந்த பிறகுதான் திணறல் வரும் என்று மானிடவியலாளர் ஓபெர்க் 1960-லேயே எழுதினார். எல்லோருக்கும் அதே வரிசையில் நடப்பதில்லை என்றாலும், இரண்டாவது மாதம் வரப்போகும் கேள்விக்கு முதல் நாளே பதில் சொன்னால் அது மனதில் நிற்காது.

விளையாட்டும் சம்பவ அலசலும்

அரை நாள் ஒதுக்க முடிந்தால் இது நல்ல முதலீடு. 'பார்ங்கா' என்றொரு சீட்டு விளையாட்டு இருக்கிறது. லைபீரியாவில் வேலை பார்த்த அனுபவத்திலிருந்து அதை 1980-ல் உருவாக்கியவர் சிவசைலம் தியாகராஜன் என்ற தமிழர். ஒவ்வொரு மேசைக்கும் விதித்தாள் கொடுத்து, படித்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அதன் பிறகு யாரும் பேசக் கூடாது. ஒரு மேசையில் ஏஸ் பெரிய சீட்டு, இன்னொன்றில் அதுவே சின்னது. ஒன்றில் டைமண்ட் துருப்பு, மற்றொன்றில் துருப்பே கிடையாது. ஆனால் எல்லோரிடமும் இருப்பது ஒரே விதி என்றுதான் ஆடுகிறவர்கள் நினைப்பார்கள். ஜெயித்தவரும் தோற்றவரும் மேசை மாறியதும் தகராறு ஆரம்பிக்கும். எதிரில் இருப்பவன் ஏமாற்றுகிறான் என்றே முதலில் தோன்றும். அந்த எரிச்சலை நம் பிள்ளைகளும் வந்த பிள்ளைகளும் ஒன்றாக அனுபவிக்கிறார்கள் என்பதுதான் இதன் பலம்.

சம்பவ அலசல் இன்னும் ஆழமாகப் போகும். 1960-களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர்கள் ஃபீட்லர், ட்ரையாண்டிஸ் முதலியோர் வளர்த்த முறை இது. ஒரு சம்பவத்தைச் சொல்லி, அதற்கு நான்கு காரணங்களைக் கொடுத்து, எது பொருந்தும் என்று விவாதிக்கவிடுவார்கள். நம் ஊருக்கு நான் எழுதிக்கொண்ட சம்பவம் இது: காட்பாடியிலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் ஓர் ஆப்பிரிக்க மாணவர் இடது பக்க சீட்டில் ஓர் அம்மாவின் பக்கத்தில் உட்காருகிறார். அந்த அம்மா எழுந்து போய் நின்றுகொள்கிறார். ஏன்? வெளிநாட்டு மாணவர்களில் பலர் நிறம்தான் காரணம் என்பார்கள். நம் பிள்ளைகள் உடனே, "சார், அது லேடீஸ் சைடு" என்பார்கள். சரி, நம் ஊர்ப் பையன் உட்கார்ந்திருந்தால் அந்த அம்மா எழுந்திருப்பாரா என்று கேட்டதும் வகுப்பு அமைதியாகிவிடும். அவனை "எழுந்து அந்தப் பக்கம் போப்பா" என்று சொல்லியிருப்பார். இவரிடம் அப்படிச் சொல்லத் தயங்கினார் என்றால், அதில் மொழியும் உண்டு, அந்நிய முகமும் உண்டு. இரண்டு தரப்பு பதிலும் பாதிதான் என்று இரண்டு தரப்புக்கும் புரிகிற இடம் அது.

ஒரே குறை, வகுப்பு முடிந்ததும் அவரவர் கூட்டத்தோடு மெஸ்ஸுக்குப் போய்விடுவார்கள்.

துணை மாணவர்

புதிதாக வருகிறவருக்கு உள்ளூர் மாணவர் ஒருவரைச் சேர்த்துவிடுவது. சிம் கார்டு, வங்கிக் கணக்கு, ஆட்டோ பேரம் எல்லாவற்றுக்கும் கை கொடுக்கும். நல்ல மனசுள்ள துணை அமைந்தால் நட்பாகவும் மாறும். ஆனால் உதவி ஒரே பக்கம்தான் ஓடுகிறது. ஒருவர் எப்போதும் கேட்பவர், மற்றவர் எப்போதும் தருபவர் என்றால் சீக்கிரமே இருவருக்கும் சலித்துவிடும். முதல் தேர்வு நெருங்கியதும் வாட்ஸ்அப்பில் பதில் வருவது நின்றுவிடும்.

வீட்டில் தங்கவைப்பதையும் சிலர் சொல்கிறார்கள். பொங்கல், ரம்ஜான், கிறிஸ்துமஸ் நாட்களில் வீட்டுக்கு அழைத்துச் சோறு போடுவது அருமையான காரியம், தாராளமாகச் செய்யலாம். இரவு தங்கவைத்தால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை அரசிடம் பதிய வேண்டும். பெரிய அளவில் நடத்த இது தோதுப்படாது.

கூட்டுவேலை

என் ஓட்டு இதற்குத்தான். வெவ்வேறு குழுவினர் கலந்தால் மட்டும் பகைமை குறையாது. சம அந்தஸ்து, பொது இலக்கு, ஒத்துழைப்பு, நிர்வாகத்தின் ஆதரவு ஆகிய நான்கும் வேண்டும் என்று அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-ல் எழுதினார். துணை மாணவர் முறையில் இல்லாத சம அந்தஸ்து கூட்டுவேலையில் கிடைக்கும், வேலையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால்.

வேலூரில் அதற்கு இடம் தேடி அலைய வேண்டாம். சிஎம்சி எதிரே காந்தி ரோட்டில் நடந்தால் கடைப் பலகைகளில் வங்காள எழுத்து. மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வரும் நோயாளிக் குடும்பங்கள் அங்கே லாட்ஜ்களில் தங்குகின்றன. அவர்களுக்காக ஒரு பக்க வழிகாட்டித் தாள் தயாரிப்பதுதான் வேலை: வாடகை எவ்வளவு, அறையில் சமைக்கலாமா, மீன் சாப்பாடு எங்கே. நோய் என்னவென்று கேட்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி.

அப்படிப் போன ஒரு குழுவைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். நம் மாணவி பேனாவும் தாளுமாக, எத்தனை நாள் தங்கல், வாடகை எவ்வளவு என்று நேராகக் கேட்டார். மாடி அறையில் தங்கியிருந்த பெரியவர் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார். டாக்காவிலிருந்து வந்த மாணவர் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, எந்த ஜில்லா என்று வங்காளத்தில் விசாரித்தார். கட்டிலில் இடம் ஒதுக்கி இருவரையும் உட்காரச் சொன்னார் பெரியவர். பிறகு கீழே மேனேஜரிடம் அதே மாணவர் கேட்டபோது, "அதெல்லாம் சொல்ல முடியாது தம்பி" என்று கைவிரித்துவிட்டார். நம் மாணவி, "அண்ணே, காலேஜ் வேலைண்ணே, ரேட் மட்டும் சொல்லுங்க" என்றதும் வாடகைப் பட்டியலை எடுத்து நீட்டினார். மேலே ஒருவருக்கு மற்றவர் வழிகாட்டி, கீழே அது தலைகீழ். இதை எந்த அரங்கிலும் சொல்லித்தர முடியாது.

ஆசிரியருக்கு நேரம் தின்னும் வழி இது, மறுக்கவில்லை. திரும்பி வந்த பிறகு என்ன நடந்தது என்று உட்கார்ந்து பேசாவிட்டால் வெறும் ஊர்சுற்றலாகிவிடும். மதிப்பெண் இல்லை என்றால் நம் பிள்ளைகள் வரமாட்டார்கள், அதனால் பாடத்திட்டத்துக்குள் இருக்க வேண்டும். தான்சானியா மாணவருக்கு வங்காளமும் தெரியாது, தமிழும் தெரியாது. அவருக்கு லாட்ஜ் தெரு பொருந்தாது. அவருக்குக் கைவந்த ஒன்று, கால்பந்தோ கணக்கோ, வேலையின் மையமாக இருக்க வேண்டும்.

அறிமுக வாரத்தைச் சட்ட விவரங்களோடு நிறுத்திக்கொண்டு, நான்காவது வாரம் சீட்டு விளையாட்டு, ஆறாவது வாரம் கூட்டுவேலை என்று வைக்கலாம். குழுவில் நான்கு பேர் போதும், பக்கத்துக்கு இரண்டு. நம் ஆட்கள் மூன்று பேராகிவிட்டால் பேச்சு தானாகத் தமிழுக்குத் திரும்பிவிடும், மீதி ஒருவர் ஃபோனை எடுத்துவிடுவார்.