‘முடிவில்லாத கண்ணாடி’ ஷோகேஸ் செய்து தருகிறோம் என்று வருவார்கள், கவனம்

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் நகைக்கடை, கல்யாணப் புடவைக்கடை வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள்.

திருமலை வீதியில் என் அக்காவின் புடவைக்கடை இருக்கிறது. அதன் முகப்பில் முடிவில்லாமல் நீளும் மண்டபம் தெரிய வைப்பதாகச் சொல்லிக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். நான்கு இலட்சம் பேச்சு, இரண்டரை இலட்சம் முற்பணம். அவர் காட்டிய வீடியோ உண்மையிலேயே அழகு. கூறைச்சேலை கட்டிய ஒரேயொரு பொம்மை, அதற்குப் பின்னால் விளக்குகள் வரிசை வரிசையாக உள்ளே போய்க்கொண்டே இருந்தன.

இந்த வித்தை பொய்யில்லை. பின்னால் முகம் பார்க்கும் கண்ணாடி, முன்னால் வெளிச்சத்தில் பாதியை வெளியே விட்டுப் பாதியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி, நடுவில் எல்ஈடி. வெளிச்சம் இரண்டுக்கும் இடையில் போய்ப் போய்த் திரும்பும்போது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மங்கும். அதனால் அரையடி ஆழம் சுரங்கம் மாதிரித் தெரியும். ஆனால் வெளியே இருப்பதைவிட உள்ளே வெளிச்சம் கூடவாக இருந்தால்தான் இது வேலை செய்யும். நண்பகல் வெயில் ஒரு இலட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை போகும். கடைக்குள் ஆயிரம் இருந்தாலே அதிகம்.

அவர் பொருத்திக் காட்டியது இரவில். பகலில் பார்த்தால் வீதியும் ஓட்டோக்களும் நம் முகமும்தான். உள்ளே ஒரு புடவையும் தெரியவில்லை. வழமையாக வரும் ஒரு அம்மா, “கடை பூட்டெண்டு நினைச்சுத் திரும்பப் பார்த்தன் பிள்ளை” என்றார். கல்யாண சீசனில் அக்காவுக்கு எப்படி இருந்திருக்கும்! போன் எடுத்தால், “லைட்டைக் கூட்டிப் போடுங்க அக்கா” என்கிறார் அந்த மனிதர்.

அப்புறம் தெரிந்த கண்ணாடிக் கடைக்காரர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினோம். அவர் மூலையை நகத்தால் சுரண்டினார், மெல்லிய தாள் ஒன்று உரிந்து வந்தது. வாகனக் கண்ணாடிக்கு ஒட்டும் சாதாரண பிலிம்! பேசிய கண்ணாடி வரவே இல்லை. பின்பக்கக் கண்ணாடியின் விளிம்பும் அதற்குள் கறுக்கத் தொடங்கியிருந்தது.

நெக்லஸ் காற்றில் மிதக்கும் ‘ஹொலோகிராம்’ என்று இன்னொன்றும் விற்கப் பார்த்தார். 45 பாகையில் சாய்த்த கண்ணாடியில் விழும் பிம்பம்தான் அது. 1862இல் லண்டன் மேடையில் ஜோன் பெப்பர் என்ற விஞ்ஞான விரிவுரையாளர் அதை வைத்துத்தான் ஆவி காட்டினார். அதற்கும் இருட்டு வேண்டும்.

மத்தியஸ்த சபைக்கு முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். ஆனால் அவர் தந்த பற்றுச்சீட்டில் ‘கடை முகப்பு அலங்காரம்’ என்று மட்டும்தான் இருக்கிறது. என்ன கண்ணாடி, எத்தனை மில்லிமீற்றர், பிலிமா கண்ணாடியா என்று எழுதி வாங்காமல் யாருக்கும் முற்பணம் கொடுக்காதீர்கள். மாதிரித் துண்டு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, பகல் பன்னிரண்டு மணிக்கு உங்கள் கடை வாசலில், வீதியில் நின்று பாருங்கள். இப்போது அவர் அதே வீடியோவோடு அக்கரைப்பற்றுப் பக்கம் திரிவதாகக் கேள்வி.