முன்சக்கரம் பூட்டிய வண்டி: ஓட்ட ஸ்ட்ரோலரோடு பதினாறு மாதம்

எங்கள் வீட்டில் பெரியவன் காலை எட்டு பத்துக்குப் பள்ளிப் பேருந்தில் ஏறுவான். ஒன்பதரைக்கு எனக்கு முதல் மீட்டிங். இவர் நைட் ஷிப்ட் முடித்து வந்து அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார். நடுவில் இருக்கிற ஒரு மணி நேரம் எனக்கே எனக்கு என்று சொல்லிக்கொள்ளலாம், இடுப்பில் பதினோரு மாதச் சின்னவள் இல்லாமல் இருந்தால்.

"விடிகாலையில எழுந்து ஓடேன்" என்று சொல்லாத ஆளில்லை. சொன்னவர்களில் ஒருவருக்கும் ராத்திரி மூன்று தடவை விழித்து அழுகிற குழந்தை கிடையாது. அவளைத் தூங்க வைத்துவிட்டு ஓடுவது நடக்காது என்று தெரிந்தபின், அவளையும் கூட்டிக்கொண்டே ஓடுவது என்று முடிவானது. அப்படி வந்து சேர்ந்ததுதான் இந்த மூன்று சக்கர ஓட்ட ஸ்ட்ரோலர், அதாவது குழந்தையை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டே ஓடுகிற வண்டி. குழந்தை வளர்ந்துவிட்ட ஒரு வீட்டிலிருந்து செகண்ட் ஹேண்டில் பாதி விலைக்கு வாங்கினேன். பிராண்ட் பெயர் சொல்லப்போவதில்லை. நான் சொல்லப்போகிற நல்லதும் கெட்டதும் இந்த ரக வண்டிகள் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு முட்டாள்தனம் செய்தேன். வீட்டில் கிடந்த சாதாரண ஸ்ட்ரோலரிலேயே ஓடிப் பார்த்தேன். அதன் குட்டிச் சக்கரங்கள் கடைக்குள் வளைந்து நெளிந்து போவதற்கென்று செய்தவை. பத்தடி வேகமாகத் தள்ளியதும் முன்சக்கரம் இரண்டும் தலையாட்டிப் பொம்மை மாதிரி ஆட ஆரம்பித்தன. ஒரு சின்னக் கல்லில் மாட்டி வண்டி சட்டென்று நின்றது. வண்டிதான் நின்றது, நான் நிற்கவில்லை. ஹேண்டில் வயிற்றில் குத்தி, வண்டி முன்பக்கமாகச் சாய்ந்து, எப்படியோ பிடித்துவிட்டேன். நல்லவேளை, உள்ளே உட்கார்ந்திருந்தது ஒரு தலையணை. தயவுசெய்து குழந்தையை வைத்து இந்தப் பரீட்சை வேண்டாம்.

1984-ல் அமெரிக்காவில் பில் பேக்லர் என்ற பத்திரிகைக்காரரும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஓட வேண்டும், சாதாரண வண்டி தாங்கவில்லை. சைக்கிள் சக்கரங்களை மாட்டி அவர் செய்ததுதான் பேபி ஜாகர். இன்றைக்கு வருகிற ஓட்ட ஸ்ட்ரோலர்களுக்கு அதுதான் மூதாதை.

என்னுடையதில் பின்சக்கரம் 16 அங்குலம், முன்சக்கரம் 12. மூன்றிலும் காற்றடைத்த ட்யூப். முன்சக்கரத்தை நடக்கும்போது சுழலவும் விடலாம், ஓடும்போது நேராகப் பூட்டவும் செய்யலாம். இந்தப் பூட்டுதான் வண்டியின் உயிர். பூட்டாமல் ஓடினால் வேகம் ஏற ஏற சக்கரம் வெடவெடவென்று ஆடி வண்டியைப் புரட்டிவிடும். ஆனால் பூட்டினால் வண்டி தானாகத் திரும்பாது. ஹேண்டிலை அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கி, திருப்பி, இறக்க வேண்டும். முதல் ஒரு வாரம் ஒவ்வொரு முனையிலும் லாரி திருப்புகிறவள் மாதிரி நின்று திருப்பினேன். இப்போது ஓடுகிற தாளத்திலேயே ஒரு அழுத்து, ஒரு திருப்பு, அவ்வளவுதான்.

இன்னொன்று யாரும் சொல்லித்தரவில்லை. பூட்டிய பிறகும் வண்டி இடது பக்கமாகவே இழுத்தது. தோள்வலி வந்து, எனக்குத்தான் தள்ளத் தெரியவில்லை என்று மூன்று வாரம் என்னையே நொந்துகொண்டேன். கடைசியில் பார்த்தால் முன் அச்சின் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. சமதரையில் வண்டியை லேசாகத் தள்ளி கையை விட்டு, எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, கால் சுற்று, அரைச் சுற்று என்று திருகி நேர் செய்ய வேண்டும். ஐந்து நிமிட வேலை. தோள்வலி அன்றைக்கே போயிற்று.

ஓட்டம் என்று நான் சொல்வது ஆரம்பத்தில் ஓட்டமே இல்லை. சோபாவில் கிடந்தவரையும் படிப்படியாக 5 கிலோமீட்டர் ஓட வைக்கிற 'கவுச் டு 5கே' என்ற திட்டத்தைத்தான் பின்பற்றினேன். 1996-ல் ஜாஷ் கிளார்க் என்ற இளைஞர், ஐம்பதைத் தாண்டிய தன் அம்மாவை மனத்தில் வைத்துப் போட்டது. ஒன்பது வாரம், வாரத்துக்கு மூன்று நாள். முதல் வாரம் ஐந்து நிமிடம் வேகநடை, பிறகு 60 நொடி ஓட்டம், 90 நொடி நடை என்று 20 நிமிடம். 60 நொடி என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். 12 கிலோ வண்டி, 9 கிலோ குழந்தை, ஒரு பை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு ஓடிப் பாருங்கள். நாற்பதாவது நொடியில் கடிகாரம் பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன்.

அந்த அட்டவணையில் ஐந்தாவது வாரம் ஒரு வில்லங்கம் இருக்கிறது. இரண்டாம் நாள் 8 நிமிடம் ஓட்டம், 5 நிமிடம் நடை, மறுபடி 8 நிமிடம் ஓட்டம். மூன்றாம் நாள் நடையே இல்லாமல் நேராக 20 நிமிடம். எனக்கு அந்த மூன்றாம் நாள் நாலு தடவை வந்தது. ஒரு தடவை மூச்சு வாங்கி நின்றேன். ஒரு தடவை அவள் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டாள். ஒரு தடவை மழை. நாலாவது தடவை பதினேழாவது நிமிடத்தில் அவள் தூங்கிப்போனாள். வண்டி நின்றால் விழித்துவிடுவாளே என்ற பயத்திலேயே இருபதை முடித்தேன். எந்தக் கோச்சும் எனக்கு அப்படியொரு உந்துதல் கொடுத்திருக்க முடியாது. பல் முளைக்கிற காய்ச்சல், பெரியவனின் பரீட்சை என்று நடுவில் நின்று நின்று, ஒன்பது வாரத் திட்டத்தை முடிக்கப் பதினேழு வாரம் ஆயிற்று.

வேகம் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: வண்டி இல்லாமல் ஓடுவதைவிட வண்டியோடு எனக்குக் கிலோமீட்டருக்கு 40 நொடி கூடுதலாகிறது. எதிர்க்காற்று அடித்தால் இன்னும் மோசம், மேல்கூரை பாய்மரம் மாதிரி காற்றைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு கையாலும் பிடித்தபடி ஓடினால் உடம்பு முன்னால் வளைந்து இடுப்பு வலிக்கிறது. ஒரு கையால் நடுவில் பிடித்து, இன்னொரு கையை வீசி, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை கை மாற்றினால் நிமிர்ந்து ஓட முடிகிறது. சரிவில் மட்டும் இரண்டு கையும் வேண்டும்.

சரிவு என்றதும் அந்த வார்ப்பட்டை ஞாபகம் வருகிறது. ஹேண்டிலில் இருந்து ஒரு நாடா தொங்கும், மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள. நாய்க்குச் சங்கிலி போட்ட மாதிரி இருக்கிறதே என்று ஆரம்பத்தில் மாட்டவே இல்லை. பிறகு ஒருநாள் ஏதோ தோன்றி மாட்டிக்கொண்டு போனேன். லேசான இறக்கத்தில் என் ஷூ லேஸ் அவிழ்ந்தது. குனிந்தேன். கால் பிரேக்கை அழுத்திவிட்டதாக நினைப்பு. பாதிதான் அழுந்தியிருக்கிறது. முதல் முடிச்சுப் போடுவதற்குள் மணிக்கட்டில் வெடுக்கென்று ஒரு இழுப்பு. நிமிர்ந்து பார்த்தால் வண்டி என் கையளவு தூரத்தில் நாடாவை விறைப்பாக இழுத்துக்கொண்டு நிற்கிறது. அவள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள், விளையாட்டு என்று. எனக்குக் கால் நடுங்குவது நிற்க ஐந்து நிமிடம் ஆயிற்று. அன்றைக்கு மிச்ச தூரம் நடந்தே வந்தேன். இவரிடம் இதை இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

ஆகவே வாங்கப் போகிறவர்கள் மணிக்கட்டு நாடா, ஹேண்டிலிலேயே கைப்பிரேக், தோள், இடுப்பு, காலிடுக்கு என்று ஐந்து இடத்தில் பிடிக்கிற பெல்ட் இந்த மூன்றும் இல்லாத வண்டியைத் தொடவே வேண்டாம். என்னுடையதில் கைப்பிரேக் கிடையாது. இறக்கத்தில் முழு எடையையும் என் முழங்கால்தான் தாங்குகிறது. கால் பிரேக் நிறுத்தி வைக்கத்தான், ஓடும்போது வேகம் குறைக்க உதவாது. பாதி விலை என்றதும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியதன் பலன் இது.

குழந்தையின் வயதும் முக்கியம். பிடிமானம் இல்லாமல் தனியாக உட்கார வேண்டும், கழுத்து நன்றாக நிற்க வேண்டும். பெரும்பாலான கம்பெனிகள் ஓடுவதற்கு ஆறு முதல் எட்டு மாதமாவது ஆகட்டும் என்கின்றன. கையேட்டைப் பார்த்துவிட்டு, குழந்தை டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அப்புறம், ஓடுகிற நமக்கு வியர்க்கும், சும்மா உட்கார்ந்திருக்கிற குழந்தைக்குக் குளிரும். அதற்கென்று வண்டியைத் துணியால் மூடிவிடவும் கூடாது, வெயில் நேரத்தில் உள்ளே சூடு ஏறிவிடும். நான் கால் கிலோமீட்டருக்கு ஒருமுறை பிடரியைத் தொட்டுப் பார்ப்பேன்.

பஞ்சர் கதை சின்னதுதான். வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டரில் பின்சக்கரம் ஒன்று காற்றுப்போய், இழுத்துக்கொண்டே நடந்து வந்து, மீட்டிங்கில் வீடியோவை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். அதிலிருந்து சின்ன பம்ப்பும் ஒரு ட்யூபும் கீழ்ப்பையில் இருக்கின்றன.

இனி பந்தயம். முதல் 5 கிலோமீட்டர் பந்தயத்துக்கு வண்டி கிடையாது என்று விதிமுறையிலேயே போட்டிருந்தார்கள். நெரிசலில் முன்னால் ஓடுகிறவர் குதிகாலில் இடித்தால் யார் பொறுப்பு? நியாயம்தான். பாஸ்டன் மாரத்தானிலும் ஸ்ட்ரோலருக்கு இடமில்லை. பெயர் கொடுப்பதற்கு முன்னால் இதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், பல பந்தயங்களில் கட்டணம் திரும்பி வராது.

பிள்ளைகளை இவரிடம் விட்டுவிட்டுப் போனேன். மாதக்கணக்கில் வண்டி தள்ளிய கைக்குத் திடீரென்று வேலை இல்லை. எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. கால் மட்டும் இறக்கை முளைத்த மாதிரி பறந்தது. முதல் கிலோமீட்டர் 6 நிமிடம் 5 நொடி, என் வாழ்நாளில் ஓடாத வேகம். ஆகா, இத்தனை நாள் வண்டிதான் என்னைப் பிடித்து வைத்திருந்தது என்று ஒரு கர்வம் வந்தது. மூன்றாவது கிலோமீட்டரில் விலா குத்த ஆரம்பித்தது. நாலாவதில் பாதி நடை. தாத்தா ஒருவர் நிதானமாகத் தாண்டிப் போனார், "மெதுவா வாம்மா" என்றார். 37 நிமிடம் 48 நொடியில் முடித்தேன். எப்போது மெதுவாகப் போக வேண்டும் என்ற கணக்கு என் மண்டையில் இருந்ததில்லை. அது இத்தனை மாதமும் வண்டியின் எடையில் இருந்திருக்கிறது.

நாலு மாதம் கழித்து, வண்டிக்கு அனுமதி உள்ள இன்னொரு 5 கிலோமீட்டர். கடைசி வரிசையில்தான் நிற்க வேண்டும் என்றார்கள். எண் அட்டையில் ஒட்டிய சிப், தொடக்கக் கோட்டில் விரித்திருக்கிற பாயைத் தாண்டும்போதுதான் நேரத்தை எண்ணத் தொடங்கும். கடைசியில் நின்றாலும் நம் நேரத்தில் ஒரு நொடிகூட அதிகமாகாது. அந்த ஓட்டத்தில் வேகத்தை வண்டி பார்த்துக்கொண்டது. ஒரே சீராகப் போய், 38 நிமிடத்துக்குச் சற்று மேல். தனியாக ஓடியதற்கும் இதற்கும் ஒரு நிமிடம்கூட வித்தியாசமில்லை. இரண்டாவது கிலோமீட்டரில் கரடி பொம்மை விழுந்து, பின்னால் வந்த பெண் எடுத்துக்கொண்டு ஓடிவந்து மடியில் போட்டாள். மூன்றாவதில் சின்னவள் தூங்கிவிட்டாள். முடிவுக் கோட்டில் ஒலிபெருக்கி அலறியதும் விழித்து வீரிட்டாள். போட்டோவில் நான் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன், அவள் வாயெல்லாம் தெரிய அழுகிறாள். மெடலை மட்டும் உடனே பிடுங்கிக்கொண்டாள். இன்றுவரை என் கைக்கு வரவில்லை.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலு. கைப்பிரேக் இல்லாததற்கு ஒன்று போயிற்று. மடித்தாலும் பாதி வராந்தாவை அடைத்துக்கொள்கிறது, அதற்கும் அரை குறைக்கலாம், ஆனால் குறைக்க மனம் வரவில்லை. மேடு பள்ளம் அதிகமுள்ள வழி மட்டுமே இருப்பவர்களும், வாரத்துக்கு ஒருநாள்தான் ஓட முடியும் என்பவர்களும் வாங்க வேண்டாம். இடமும் காசும் தண்டம்.

இப்போது அவளுக்கு இரண்டே கால் வயது. எடை வரம்பு இன்னும் எவ்வளவோ பாக்கி, பொறுமை வரம்புதான் தீர்ந்துவிட்டது. இருபது நிமிடம் ஆனதும் "எறங்கணும், நானும் ஓதணும்" என்கிறாள். இறக்கிவிட்டால் ஹேண்டிலின் கீழ்க்கம்பியைப் பிடித்துக்கொண்டு தானே தள்ளுகிறாள். நான் மேலே ஒரு கை வைத்துக்கொண்டு பின்னால் நடக்கிறேன். மாடி வீட்டில் ஒரு ஏழு மாதக் குழந்தை இருக்கிறது, அதன் அம்மா வண்டியைக் கேட்டிருக்கிறாள். புது ட்யூப் போட்டு, பம்ப்பையும் சேர்த்துத் தருகிறேன், கைப்பிரேக் கிடையாது, இறக்கம் இல்லாத பாதையாகப் பார்த்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன். ஆறு வாரம் மட்டும் பொறுக்கச் சொன்னேன். 10 கிலோமீட்டர் பந்தயம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன்.