பின்கட்டுக் கீசருக்கு வீட்டுக்குள் ஒரு சுவிட்ச்: எந்த வழி ஏற்றது?

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டை வட்டாரத்துப் பழைய வீடுகளில் குளியலறை வீட்டோடு ஒட்டியிருப்பதில்லை. பின்வாசலைத் திறந்து, துணி துவைக்கும் கல்லையும் தண்ணீர்த் தொட்டியையும் கடந்து, பத்துப் பன்னிரண்டு மீட்டர் நடந்தால்தான் அதை அடைய முடியும். விறகு அடுப்பில் அண்டா வைத்து வெந்நீர் போட்ட காலத்தில் இந்த அமைப்பு பொருத்தமாகவே இருந்தது, ஏனெனில் புகை வீட்டுக்குள் வராது. அண்டா இருந்த இடத்துக்குக் கீசர் வந்தபோது அதன் சுவிட்சும் குளியலறையின் வெளிச்சுவரிலேயே பொருத்தப்பட்டது. ஆகவே மார்கழி மாதத்தில் விடியற்காலை ஐந்து மணிக்குக் கீசரைப் போட ஒரு முறையும் அரை மணி நேரம் கழித்துக் குளிக்க ஒரு முறையும் பனியில் நடக்க வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் அந்த முதல் நடையை நடப்பவர் எழுபது வயதைக் கடந்த அம்மா. ஈரம் படிந்த கல்லில் அவர் ஒருநாள் வழுக்கியபோதுதான், வீட்டுக்குள்ளிருந்தே கீசரைப் போடவும் அணைக்கவும் என்னென்ன வழிகள் உண்டு என்று நான் முறையாக விசாரிக்கத் தொடங்கினேன். மின் வேலை தெரிந்த நண்பர்களோடு பேசியும், சிலவற்றை வீட்டிலேயே பொருத்திப் பார்த்தும் அறிந்தவற்றை இங்கே ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் கணக்கைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. வீடுகளில் பெரும்பாலும் இருக்கும் 15 லிட்டர் சேமிப்புக் கீசர் 2,000 வாட் கொண்டது. 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். 20 டிகிரி குளிர்ந்த நீரை 55 டிகிரிக்குக் கொண்டுவர அதற்குச் சுமார் 18 நிமிடம் ஆகும். ஆனால் கிராமத்து மின்வரியில் அதிகாலையில் மின்னழுத்தம் 190 வோல்ட்டுக்கு இறங்குமானால், வெப்பத் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் குறைவதால், அதே கீசர் 1,365 வாட் மட்டுமே தரும். 18 நிமிட வேலைக்கு 27 நிமிடம் பிடிக்கும். உடனடிச் சூடாக்கும் 3 கிலோவாட் சிறு கீசர்களை இந்த அலசலில் சேர்க்கவில்லை. குளித்துக்கொண்டிருக்கும்போதே அவை ஓட வேண்டும் என்பதால், அவற்றின் சுவிட்ச் குளிப்பவருக்கு அருகில் இருப்பதே முறை.

எளிமையான வழி, 20 ஆம்பியர் டிபி சுவிட்ச் ஒன்றை வீட்டுக்குள் வைப்பது. டிபி என்பது ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருசேரத் துண்டிப்பது. எந்த ஒயர் எந்தப் பக்கம் மாறி இணைக்கப்பட்டிருந்தாலும், அணைத்தபின் கீசருக்கு மின்சாரம் போகாது என்று நம்பலாம். இதில் பலரும் கவனிக்கத் தவறுவது, கீசருக்கான லைன் எங்கிருந்து புறப்படுகிறது என்பதைத்தான். எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் காப்புச் சுவிட்ச்) பெட்டி வீட்டுக்குள் இருந்தால், அந்த லைன் கூடத்தையோ சமையலறையையோ கடந்துதான் வெளியே போகும். அது கடக்கும் பாதையில் வசதியான ஓரிடத்தில் வெட்டி, நடுவே சுவிட்சைச் சேர்த்தால் போதும். புதிதாக நீண்ட ஒயர் இழுக்கும் வேலையே இல்லை. செலவும் சில நூறு ரூபாயோடு முடிந்துவிடும். நாங்கள் சுவரைக் கொத்திப் புதிய பைப் பதிக்க வேண்டியிருக்கும் என்று அஞ்சிக்கொண்டிருந்தோம். பார்த்தால், சமையலறைப் பின்சுவரில் இருந்த ஒரு பழைய ஜங்ஷன் பெட்டி வழியாகவே அந்த லைன் போய்க்கொண்டிருந்தது.

ஒயரின் பருமனில் மட்டும் சிக்கனம் கூடாது. 2 கிலோவாட் கீசருக்கு 2.5 சதுர மி.மீ. செப்புக் கம்பி வேண்டும். அது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 7.4 ஓம் தடை கொண்டது. 20 மீட்டர் தொலைவுக்குப் போக வர 40 மீட்டர் என்று கொண்டால், இழப்பு இரண்டரை வோல்ட் அளவில்தான் இருக்கும். எங்களுக்கு முன்பு வேலை செய்த ஒயர்மேன் ஒருவர், கையில் மிச்சமிருந்த 1 சதுர மி.மீ. ஒயரை நடுவில் ஒரு துண்டாகச் சேர்த்துவிட்டுப் போயிருந்தார். அந்த இணைப்பு இரண்டு குளிர்காலங்களில் கருகி, பிளாஸ்டிக் டேப் உருகி ஒட்டிக்கிடந்ததை ஜங்ஷன் பெட்டியைத் திறந்தபோது கண்ணால் கண்டேன். லைனின் தலைமாட்டில் இருந்த 20 ஆம்பியர் எம்சிபி விழவே இல்லை, ஏனெனில் அதன் பார்வையில் 8.7 ஆம்பியர் ஒரு குறையே அல்ல.

உள்ளே புதிய சுவிட்ச் வந்தபின், வெளிச்சுவரில் இருக்கும் பழைய சுவிட்சை எடுத்துவிடலாமா என்ற கேள்வி எழும். எடுக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. கீசரைக் கழற்றிப் பழுது பார்ப்பவர் அங்கே நின்றுகொண்டிருக்கும்போது, வீட்டுக்குள் இருக்கும் ஒருவர் தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிடக்கூடும்; அவருடைய கைக்கு எட்டும் இடத்தில், அவரே அணைத்து உறுதிசெய்துகொள்ளும் சுவிட்ச் ஒன்று இருந்தே ஆக வேண்டும். ஆனால் இரண்டு சுவிட்சுகள் தொடராக அமையும்போது ஒரு சிக்கல் உண்டு. வெளிச் சுவிட்சை யாராவது அணைத்துவிட்டுப் போயிருந்தால், உள்ளே சுவிட்சைப் போட்டவுடன் அதிலுள்ள சிவப்பு விளக்கு எரியும். வெந்நீர் மட்டும் வராது. இதற்கு எளிய மருந்து உண்டு. வெளிச் சுவிட்சுக்குப் பிந்தைய முனையிலிருந்து, தனியாகச் சிறு ஃபியூஸ் போட்ட ஒல்லியான ஒயர் ஒன்றை உள்ளே திருப்பிக் கொண்டுவந்து, அதில் ஒரு இண்டிகேட்டர் விளக்கைப் பொருத்தலாம். அந்த விளக்கு எரிந்தால் மின்சாரம் உண்மையிலேயே கீசர்வரை போயிருக்கிறது என்று பொருள். அணைந்தால், உள்ளே இருந்தோ வெளியே இருந்தோ துண்டிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். சுவிட்ச் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைவிட, இருட்டில் தூரத்திலிருந்து தெரியும் அந்த விளக்கையே நான் பெரிதாக மதிக்கிறேன். கீசரை அணைக்க மறந்து ஊருக்குப் போன வீடுகளை நாம் எல்லோரும் அறிவோம்.

மாடிப்படி விளக்குக்குப் போடுவதுபோல டூவே சுவிட்ச் போட்டுத்தரலாம் என்று சில ஒயர்மேன்கள் சொல்வதுண்டு. எந்தப் பக்கத்திலிருந்தும் போடலாம், எந்தப் பக்கத்திலிருந்தும் அணைக்கலாம் என்பது கேட்க நன்றாக இருக்கும். கீசருக்கு இதை நான் ஏற்கவில்லை. இந்த அமைப்பில் வழக்கமாக ஃபேஸ் மட்டுமே துண்டிக்கப்படும். சுவிட்ச் சாய்ந்திருக்கும் பக்கத்தை வைத்து ஓடுகிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியே ஒருவர் அணைத்ததை உள்ளே இருப்பவர் ஒரு தட்டில் மீண்டும் உயிர்ப்பித்துவிட முடியும். விளக்குக்கு வசதியாக இருப்பது தண்ணீரோடு புழங்கும் கருவிக்கு ஆபத்தாகிவிடுகிறது.

எம்சிபியையே சுவிட்சாகப் பயன்படுத்தலாம் என்ற யோசனையை நீட்டிப் பேச வேண்டியதில்லை. அது காப்புக்காகச் செய்யப்பட்டது. வரிசையாக ஒரே மாதிரி நிற்கும் ஆறு எம்சிபிகளில், கண் மங்கிய முதியவர் விடியற்காலையில் எதைத் தட்டுவார் என்று சொல்ல முடியாது.

அடுத்தது கான்டாக்டர், அதாவது சிறு மின்னோட்டத்தால் இயங்கிப் பெரிய மின்னோட்டத்தைப் போட்டு அணைக்கும் மின்காந்தச் சுவிட்ச். மீட்டரும் எம்சிபி பெட்டியும் வெளிச்சுவரில் இருந்து, கீசர் லைன் வீட்டுக்குள் நுழையாமல் மதில் ஓரமாகவே குளியலறைக்குப் போகும் வீடுகள் நம் கிராமங்களில் நிறைய உண்டு. அங்கே டிபி சுவிட்ச் வைக்க வேண்டுமானால் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் உள்ளே கொண்டுவந்து மீண்டும் வெளியே அனுப்ப வேண்டும். நான்கு தடித்த கம்பிகள் சுவரைத் துளைத்துப் போய் வரும். அதற்குப் பதிலாக வெளிப்பெட்டியில் 25 ஆம்பியர் இருமுனைக் கான்டாக்டர் ஒன்றை வைத்து, அதன் காயிலை (மின்காந்தச் சுருளை) இயக்க மட்டும் ஒல்லியான இரண்டு கம்பிகளை உள்ளே கொண்டுவரலாம். கிணற்று மோட்டார் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் பச்சைப் பொத்தானை அழுத்தினால் டக்கென்று ஒட்டிக்கொள்வதும் இதே பொருள்தான்.

அந்த ஸ்டார்ட்டரிடமிருந்து கற்க வேண்டிய பாடம் இன்னொன்றும் உண்டு. மின்சாரம் போய்த் திரும்பினால் மோட்டார் தானாக ஓடாது. மறுபடியும் பொத்தானை அழுத்த வேண்டும். கீசருக்கும் அதேபோலப் பச்சை, சிவப்பு என இரண்டு பொத்தான்கள் வைத்து, கான்டாக்டரின் துணை முனை வழியாகத் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும்படி இணைத்தால், நடுவில் கரண்ட் போய் யாரும் இல்லாத நேரத்தில் வந்தாலும் கீசர் தானாக உயிர்பெறாது. சாதாரண சுவிட்சுக்கு இந்தக் குணம் கிடையாது. இதற்கு உள்ளே மூன்றாவதாக ஒரு ஒல்லி ஒயர் தேவைப்படும், அவ்வளவே. ஆனால் ஒல்லிக் கம்பி என்பதற்காக அதை அலட்சியமாக இழுத்துவிடக் கூடாது. சாதாரணக் கான்டாக்டரின் காயில் 230 வோல்ட்டில் இயங்குவது. அந்தக் கம்பியைத் தொட்டாலும் உயிருக்கு ஆபத்துதான். 20 ஆம்பியர் எம்சிபியின் பின்னால் அதை நேரடியாக இணைத்தால், கோளாறு நேரும்போது எம்சிபி விழுவதற்கு முன் கம்பியே எரியக்கூடும் என்பதால், அதற்கென்று தனிச் சிறு ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். செலவு டிபி சுவிட்சைவிடக் கூடுதல், மழை புகாத பெட்டியும் தேவை, காயிலின் மெல்லிய ரீங்காரமும் இருக்கும். தேவைப்படும் வீட்டுக்கு இது மிகச் சிறந்த வழி. லைன் உள்ளே வரும் வீட்டுக்கு இது வீண் வேலை.

கைப்பேசியிலிருந்து இயக்கும் வைஃபை சுவிட்சை இளைஞர்கள் விரும்புகிறார்கள். பெங்களூரு பக்கம் வேலைக்குப் போய் இரவில் ஓசூர் திரும்புகிறவர், அத்திப்பள்ளியைத் தாண்டும்போதே கீசரைப் போட்டுவிடலாம் என்பது உண்மையிலேயே பெரிய வசதி. குறித்த நேரத்தில் தானாக அணையச் செய்யவும் முடியும். 16 ஆம்பியர் என்று குறிக்கப்பட்டு, இந்தியத் தர முத்திரை பெற்ற கருவியை மட்டுமே வாங்க வேண்டும். 6 ஆம்பியர் அல்லது 10 ஆம்பியர் வகையைக் கீசருக்குப் பொருத்துவது தீயை விலை கொடுத்து வாங்குவதாகும். மின்சாரம் போய்த் திரும்பும்போது அணைந்த நிலையிலேயே இருக்கும்படி செயலியில் அமைத்துவிட வேண்டும்; பல கருவிகளில் அதற்கென ஓர் அமைப்பு உண்டு. இருந்தும் என் மனம் இதில் முழுமையாக ஒப்பவில்லை. உள்ளிருக்கும் சிறு ரிலேயின் (கான்டாக்டர் போன்ற குட்டி மின்காந்தச் சுவிட்சின்) முனைகள் நாள்பட ஒட்டிக்கொண்டால், செயலி அணைந்ததாகக் காட்டும்போதே கீசர் ஓடிக்கொண்டிருக்கலாம். கருங்கல் சுவரைத் தாண்டிப் பின்கட்டுக்கு வைஃபை அலை சரியாக எட்டுவதும் இல்லை. அம்மாவுக்கு ஒரு விரலால் போடும் சுவிட்ச் வேண்டுமே தவிர, கண்ணாடியைத் தேடிக் கைப்பேசியைத் திறக்கும் வேலை வேண்டாம். டிபி சுவிட்சுக்குப் பின்னால் கூடுதல் வசதியாக இது இருக்கலாம். அதற்குப் பதிலாக இருக்கக் கூடாது.

டைமரும் ஏறத்தாழ இதே நிலையில்தான் இருக்கிறது. தினமும் ஒரே நேரத்தில் எழும் வீட்டுக்கு அது ஏற்றது. ஆனால் பல் சக்கரம் கொண்ட எளிய டைமர்கள் மின்தடையின்போது நின்றுவிடும். இரண்டு மணி நேரம் மின்சாரம் இல்லையென்றால் மறுநாள் ஐந்து மணி வெந்நீர் ஏழு மணிக்கு வரும். பேட்டரி உள்ள டிஜிட்டல் வகைக்கு அந்தக் குறை இல்லை. முன்பு சொன்ன குறைந்த மின்னழுத்தக் கணக்கை நினைவில் வைத்து, இருபது நிமிடத்துக்குப் பதிலாக அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். தண்ணீர் சூடானதும் தெர்மோஸ்டாட் தானே துண்டித்துவிடும்.

இந்தச் சிக்கல் நம் ஊர் வீடுகளுக்கு மட்டும் உரியதன்று என்பது எனக்கு வியப்பாக இருந்தது. அமெரிக்காவில் வீடுபோலவே அமைந்த கேரவன் வண்டிகளில் 6 காலன், அதாவது ஏறத்தாழ 23 லிட்டர் கொள்ளும் சுடுநீர்த் தொட்டி பக்கச் சுவரில் பதிக்கப்பட்டிருக்கும். அதன் மின் ஹீட்டர் 120 வோல்ட்டில் 1,440 வாட், அதாவது 12 ஆம்பியர் இழுப்பது. சில வகைகளில் அந்த ஹீட்டரின் சுவிட்ச் வண்டிக்கு வெளியே, ஒரு சிறு கதவுக்குப் பின்னால் இருக்கும் என்பதால், அங்கேயும் உரிமையாளர்கள் அதை உள்ளே கொண்டுவர இதே இரு வழிகளையே, தடித்த ஒயரில் நேரடிச் சுவிட்ச் அல்லது ரிலே என்று, ஆராய்கிறார்கள். அவர்களுக்கு ஓர் எச்சரிக்கை கூடுதலாக உண்டு. குளிர்காலத்தில் தொட்டியைக் காலி செய்துவிடுவார்கள். காலித் தொட்டியில் உள்ளிருந்து சுவிட்சைப் போட்டால் ஹீட்டர் கம்பி சிறிது நேரத்திலேயே கருகிவிடும். நம் வீட்டுக் கீசரில் வெளிக்குழாய் மேல்மட்டத்திலிருந்து நீரை எடுப்பதால், மேல்நிலைத் தொட்டி வறண்டாலும் கீசர் பொதுவாக நிறைந்தே இருக்கும். ஆனால் புதிதாகப் பொருத்திய அன்றும், பிளம்பர் கழற்றி உப்புப் படிவத்தைச் சுரண்டி மாட்டிய அன்றும் அது காலியாக இருக்கும். போர்வெல் தண்ணீரின் உப்பு காரணமாக நம் மாவட்டத்தில் இந்தச் சுரண்டல் வேலை அடிக்கடி நடப்பது. அன்றைக்கு வெந்நீர்க் குழாயில் தண்ணீர் தடையின்றிக் கொட்டுவதைக் கண்ட பிறகே உள்ளே இருப்பவரைச் சுவிட்ச் போடச் சொல்ல வேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் லைனின் தலைமாட்டில் மின்கசிவு கண்டவுடன் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும், அறுபடாத எர்த் கம்பியும் இருக்க வேண்டும். குளிப்பவர் தனியாகவும் சுவிட்ச் போடுபவர் தனியாகவும் இருக்கும் ஏற்பாட்டில் இவை இரண்டும் இல்லையென்றால், சுவிட்ச் வேலையை ஒத்திவைத்துவிட்டு முதலில் இவற்றைச் செய்வதே சரி.

எங்கள் வீட்டில் சமையலறைப் பின்சுவரில், அடுப்பிலிருந்து மூன்று அடி தள்ளி, தோள் உயரத்தில் 20 ஆம்பியர் டிபி சுவிட்சையும் அதன் மேல் வெளியிலிருந்து திரும்பி வரும் சிவப்பு விளக்கையும் வைத்திருக்கிறோம். வெளிச் சுவிட்ச் எப்போதும் போட்ட நிலையிலேயே இருக்கிறது. பொருத்திய முதல் நாள் கீசரை அரை மணி நேரம் ஓடவிட்டு, சுவிட்சின் முகப்பையும் 16 ஆம்பியர் பிளக்கையும் தொட்டுப் பார்த்தோம். இளஞ்சூடு கூட இல்லை. ஒரு மாதம் கழித்து மெயினை அணைத்துவிட்டு முனைகளின் திருகுகளை ஒருமுறை இறுக்கினோம். இரண்டு திருகுகள் கால் சுற்று தளர்ந்திருந்தன.