ஆர் மொழியும் அம்மாவின் கொழுந்துக் கொப்பியும்: 2013 முதல் ஒரு பயன்பாட்டு அனுபவம்

அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்தவர். பின்னேரம் நிறுவை முடிந்து வந்ததும் அன்றைய கிலோவை என்னைக்கொண்டு ஒரு கொப்பியில் எழுதுவிப்பார், மாத முடிவில் சம்பளச் சீட்டோடு ஒத்துப் பார்க்க. நான் புள்ளிவிபரவியலுக்கு வந்த பாதை அந்தக் கொப்பியில்தான் தொடங்கியது. 2013இல் பேராதனையில் படிக்கும்போது, புள்ளிவிபரக் கணிப்புக்கான ஆர் (R) என்ற கணினி மொழி அறிமுகமானது. இப்போது ஹட்டனில் பிள்ளைகளுக்கு அதை வைத்தே பாடம் நடத்துகிறேன்.

ஓக்லாந்து பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாக்காவும் ரொபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கிய மொழி இது. 1995இல் திறந்த மூலமானது, 2000 பெப்ரவரி 29இல் 1.0.0 பதிப்பு வந்தது. கற்பிக்கத்தான் முதலில் செய்தார்கள் என்பது வகுப்பில் நன்றாகத் தெரியும். அடைப்புக்குறி போடாமல் ‘எஸ்டி’ (sd) என்று மட்டும் அடித்து என்டர் தட்டுங்கள். நியம விலகலைக் கணிக்கும் சார்பின் நிரலே திரையில் வரும்: மாறற்றிறனின் (variance) வர்க்கமூலம், ஒரே வரி. பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்த சூத்திரம் கண்முன்னே வேலை செய்வதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்துக்காகவே இந்த மொழியை வைத்திருக்கிறேன்.

ஆனால் முதல் வருடமே இது என்னை நன்றாக ஏமாற்றியது. அம்மாவின் கொப்பியைத் தட்டெழுதி ஏற்றினேன். ஐந்து நாளை மட்டும் சொல்கிறேன்: 16, 18, 21, 17, அடுத்த நாள் ‘லீவு’. அந்த ஒரு சொல் இருந்ததால் அந்த நெடுவரிசை முழுவதையும் ஆர் எண்களாக அல்லாமல் வகைப் பெயர்களாக எடுத்துக்கொண்டது. அதை எண்ணாக மாற்றச் சொன்னேன். கிலோவைத் தராமல் வரிசை இலக்கங்களைத் தந்தது: 1, 3, 4, 2, லீவுக்கு 5. இடை (சராசரி) 3 கிலோ! ஒரு எச்சரிக்கைகூட இல்லை. அம்மாவின் கை எனக்குத் தெரிந்ததால் பிழை பிடிபட்டது. தெரியாத தரவாக இருந்தால் அப்படியே அறிக்கையில் போயிருக்கும். 2020இல் வந்த 4.0.0இல்தான் இந்த இயல்பு வழக்கத்தை மாற்றினார்கள். அதற்கு முன் எழுதிய நிரல்களை இன்றும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

அதே தரவை இப்போது வகுப்பில் கொடுக்கிறேன். லீவு நாளை ‘என்ஏ’ (NA, விடுபட்ட தரவுக்கு ஆர் வைக்கும் குறி) என்று குறித்தால், இடை என்ன என்று கேட்டதற்கு ஆர் ‘என்ஏ’ என்றே பதில் சொல்லும். விடுபட்டதை என்ன செய்வது என்று நாம்தான் சொல்ல வேண்டும். “சேர், சைபர் போட்டா என்ன?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். போட்டுப் பார்க்கச் சொன்னேன். 14.4 வந்தது. நாளை விட்டுவிட்டால் 18. “அன்னைக்கு அவங்க மலைக்கே போகலையே பிள்ளை, எப்படி சைபர் எடுத்திருப்பாங்க?” என்றேன். அந்த ஒரு கேள்வியில் ஒரு முழுப் பாடவேளை போனது, நல்லபடியாக.

தமிழ் விஷயத்தில் பல வருடம் மனம் நொந்தேன். விண்டோஸில் அட்டவணையைக் காட்டச் சொன்னால் பெயர்கள் யுனிகோட் இலக்கங்களாகக் கொட்டும். ‘கமலா’ என்ற பெயருக்கு நான்கு கோணக்குறிக் கட்டங்கள். 2022இல் வந்த 4.2.0க்குப் பிறகு புதிய விண்டோஸில் பெயர் பெயராகவே தெரிகிறது. பிள்ளைகள் தங்கள் அம்மாமாரின் பெயரை நிரலில் வைத்து வேலை செய்கிறார்கள். எனக்கு அது பெரிய விஷயம். வரைபடத்தைச் சாதாரண பிடிஎஃப் ஆகச் சேமித்தால் மட்டும் எழுத்து இன்னும் புள்ளி புள்ளியாகிறது. நான் பிஎன்ஜி படமாகச் சேமிக்கிறேன்.

தோட்டத்துப் பக்கம் இன்னொரு சிரமம் உண்டு. ஒரு பொதியை (ஆரோடு சேர்க்கும் கூடுதல் மென்பொருள் தொகுப்பு) நிறுவப் போனால் அது இருபதை இழுத்துக்கொண்டு வரும், சிக்னலோ ஒரு கோடுதான். அதனால் தேவையான பொதிகளை ஹட்டன் டவுனில் இறக்கி, பென் டிரைவில் கொடுத்துவிடுகிறேன். அதன்பிறகு இணையமே தேவையில்லை. 2022இல் நாளுக்குப் பல மணிநேரம் மின்வெட்டு இருந்த மாதங்களிலும், லெப்டொப் பேட்டரி இருந்த மட்டும் வகுப்பு நடந்தது.

புதிதாகத் தொடங்குபவர்கள் 4.2க்குக் குறைந்த பதிப்பைப் போடாதீர்கள். முதல் தரவாக இணையத்தில் கிடைப்பதை எடுக்காமல், வீட்டில் யாராவது எழுதி வைத்த ஒரு கொப்பியை எடுங்கள்.