அலுவலகக் கணினியில் சேமித்த உங்க சொந்தப் பாஸ்வேர்டைக் கேட்டால் கொடுக்காதீங்க

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கூழ் ஆலைகளில் ஆபீஸ் வேலை பார்க்கிறவர்கள் இதைக் கட்டாயம் படிங்க. நான் வேலை பார்த்த ஆலை மேல் போலீஸில் கொடுத்த மனு விசாரணையில் இருப்பதால் அதன் பெயரைப் போடவில்லை.

அங்கே கணக்குப் பிரிவில் யாருக்கும் ஆபீஸ் மெயில் கிடையாது. சேர்ந்த அன்றே, "உங்க ஜிமெயிலையே குரோம்ல போட்டுக்கோங்கம்மா, பில்லு எல்லாம் அதுலயே வரட்டும்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அப்படிப் போட்டு சிங்க் ஓடினால், வீட்டில் நம் போனில் சேமிக்கிற பாஸ்வேர்டும் ஆபீஸ் கணினிக்கு வந்து சேரும். பேங்க், பி.எஃப்., பையனின் ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் அதில் இருந்தது.

பெங்களூரா காய் சீசன் முடிந்ததும் 'சிஸ்டம் ஆடிட்' என்று வெளியாள் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். பாஸ்வேர்டு எல்லாம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். ஜிஎஸ்டி, இ-வே பில், டேலி மூன்றையும் எழுதிக் கொடுத்தேன். அது ஆலையின் சொத்து, கொடுப்பதுதான் முறை. "குரோம்ல சேவ் ஆனதும் வேணும்" என்றார். "அதுல என் பேங்க் இருக்குங்க சார்" என்றேன். "கம்பெனி கம்ப்யூட்டர்ல இருக்கிறது கம்பெனிக்குத்தான் சொந்தம்" என்றார் மேனேஜர். முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை என் கணினியின் டவுன்லோட்ஸில் ஒரு சிஎஸ்வி கோப்பு கிடந்தது. குரோமில் சேமித்த என் பாஸ்வேர்டுகளை எல்லாம் நான் வருவதற்கு முன்பே அதில் எடுத்திருக்கிறார்கள். எப்படி முடிந்தது என்றால், பாஸ்வேர்டுகளை ஏற்றுமதி செய்யும்போது குரோம் கேட்பது விண்டோஸ் பாஸ்வேர்டை மட்டும்தான். எங்கள் ஆபீஸில் எல்லாக் கணினிக்கும் ஒரே விண்டோஸ் பாஸ்வேர்டு, வைத்ததும் அவர்களே. அந்தக் கோப்புக்குப் பூட்டு எதுவும் கிடையாது. எக்செல்லில் திறந்தால் தளத்தின் பெயர், பயனர் பெயர், பாஸ்வேர்டு என்று வரிசையாக, அப்படியே படிக்கலாம். திறந்து பார்த்தபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது.

அதே வாரம் மேனேஜர் கூப்பிட்டு, "ஓசூர்ல இன்டர்வியூ எப்படிம்மா போச்சு?" என்று கேட்டார். நான் வீட்டில்கூடச் சொல்லாத விஷயம். வேலை தேடும் தளமான நௌக்ரியில் இருக்கும் என் கணக்கைத் திறந்து பார்க்காமல் அவருக்குத் தெரிய வழியே இல்லை. அத்தோடு என் சம்பளத்தை நிறுத்தினார்கள். 'பாஸ்வேர்டுகளை என் விருப்பத்தின் பேரில் ஒப்படைத்தேன்' என்று டைப் செய்த தாளை நீட்டி, கையெழுத்துப் போட்டால் சம்பளமும் ரிலீவிங் லெட்டரும் உடனே கிடைக்கும் என்றார்கள். நான் போடவில்லை.

இதில் ஆலைக்கு அவசியம் என்று ஒன்றுமே இல்லை. ஜிஎஸ்டி பாஸ்வேர்டு தொலைந்தால், பதிவு செய்த முதலாளியின் போனுக்கும் மெயிலுக்கும் ஓடிபி வரும், அவரே மாற்றிக்கொள்ளலாம். என் குரோமுக்குள் கை விட வேண்டிய வேலை அதில் எங்கே இருக்கிறது?

அமெரிக்காவின் மேரிலாந்தில், ஊழியரின் சொந்தக் கணக்குப் பாஸ்வேர்டை முதலாளி கேட்கவே கூடாது என்று 2012-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். நமக்குக் கைகொடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000. அதன் 66சி பிரிவுப்படி, அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகவோ நேர்மையில்லாமலோ பயன்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

இப்படி நடந்தால் ஜிமெயில் பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டுச் சும்மா இருக்காதீங்க. எடுத்த கோப்பு அவர்கள் கையில்தானே இருக்கிறது? அதில் உள்ள ஒவ்வொரு தளத்திலும் தனித்தனியாக மாற்ற வேண்டும். முதலில் மெயில், அடுத்தது பேங்க். இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்க. கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் 'உங்கள் சாதனங்கள்' பட்டியலுக்குப் போய் ஆபீஸ் கணினியை வெளியேற்றுங்க. ஆனால் அதற்கு முன் அந்தப் பட்டியலையும், புது உள்நுழைவு என்று வந்த மெயில்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்க. என் மனுவுக்கு அதுதான் ஆதாரம். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்க.

மாவட்ட சைபர் கிரைம் போலீஸில் மனு கொடுத்தாகிவிட்டது, சம்பளத்துக்குத் தொழிலாளர் துறையில் தனி மனு. இப்போது ஸ்டோர், பேக்கிங் பிரிவில் இருக்கிறவர்களிடமும் அதே தாளை நீட்டுகிறார்களாம். யாரும் கையெழுத்துப் போடாதீங்க. ஏற்கெனவே போட்டவர்கள் தேதியோடு எனக்கு எழுதுங்க, அதையும் மனுவில் சேர்த்துக் கொடுக்கிறேன்.