ஒரே மூட்டை எல்லாவற்றுக்கும் ஆகாது: கடலோர வீட்டில் வெர்மிகுலைட்

சென்ற ஆண்டு சித்திரையில் இராமநாதபுரத்தில் ஒரு தோட்டப் பொருள் கடையில் 100 லிட்டர் கொள்ளும் வெர்மிகுலைட் மூட்டைகள் எட்டு வாங்கினேன். ஏழு மூட்டைகள் மொட்டை மாடியின் வெப்பத்தைக் குறைக்கவும், ஒன்று நாற்றுத் தட்டுகளுக்கும் என்பது கணக்கு. உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில், கடலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் எங்கள் வீடு இருக்கிறது. கோடையும் கச்சான் காற்றும் ஐப்பசி மழையும் கடந்த பிறகு, தை மாதத்தில் இதை எழுதுகிறேன். ஒரு பருவம் முழுவதும் பயன்படுத்திப் பார்க்காமல் இந்தப் பொருளைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

வெர்மிகுலைட் என்பது நம்மவர்கள் காக்காப்பொன் என்று அழைக்கும் அப்பிரகத்தின் உறவுக்காரக் கனிமம். தகடு தகடாக அடுக்கப்பட்ட அதன் உடலில் அடுக்குகளுக்கு நடுவே நீர் இருக்கிறது. 900 பாகை செல்சியசை ஒட்டிய சூட்டில் திடீரென்று காட்டும்போது அந்த நீர் ஆவியாகி அடுக்குகளைப் பிளந்து தள்ள, ஒவ்வொரு துண்டும் ஆர்மோனியத் துருத்தி விரிவது போலப் பல மடங்கு நீள்கிறது. விரிந்த துண்டு புழுவைப் போல நெளிந்து நிற்பதால்தான், சிறு புழுவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்தது. நம் மாநிலத்திலேயே திருப்பத்தூர் மாவட்டத்துச் சேவாத்தூரில் இது கிடைக்கிறது. அங்குள்ள சுரங்கம் தமிழ்நாடு கனிம நிறுவனத்துடையது.

முதலில் மூட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நன்றாகப் பொரிந்த சரக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 100 கிராம்தான் இருக்கும். ஆகவே 100 லிட்டர் மூட்டை பத்துக் கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். எனக்கு வந்த எட்டில் இரண்டு மூட்டைகளைத் தூக்கியபோதே கை வேறுபாட்டை உணர்ந்தது. நிறுத்துப் பார்த்ததில் பதினான்கு கிலோவைத் தாண்டின. ஒன்றில் ஈரம் ஏறியிருந்தது. மற்றொன்றின் அடியில், பொரியாத நெல் தங்குவது போலக் கருத்துத் தட்டையான தகடுகள் கைப்பிடி கைப்பிடியாகக் கிடந்தன. கடைக்காரர் இரண்டையும் மறுப்புச் சொல்லாமல் மாற்றிக் கொடுத்தார் என்பதை நன்றியுடன் பதிவு செய்கிறேன். இந்தப் பொருளை எடைக் கணக்கில் வாங்கினால் ஈரத்துக்கும் கல்லுக்கும் பணம் கொடுத்தவர்களாவோம். லிட்டர் கணக்கில் கேட்டு, எடையை வைத்துத் தரத்தைச் சோதிப்பதே சரி.

அதைவிடப் பெரிய குறை, கடையில் ஒரே ஒரு பருமன்தான் இருந்தது. நாற்றுக்கு 1 முதல் 2 மில்லிமீட்டர் நொய்யும், தளத்துக்கு அதைவிடப் பருவட்டான துகளும் வேண்டும் என்று கேட்டபோது, “எல்லாத்துக்கும் இதாண்ணே போடுறாங்க” என்று பதில் வந்தது. அவர் ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை. கேட்பவர்கள் குறைவு என்பதால் அவருக்கு அந்த வேறுபாடு தேவைப்படவில்லை. ஆனால் அது தவறு. நாற்றுக்குத் தேவையானதை நான் வீட்டில் சல்லடையில் சலித்துத்தான் பிரித்துக்கொண்டேன். அந்த வேலையில் கிளம்பிய தூசி, முகக்கவசம் இல்லாமல் செய்யக்கூடாத வேலை இது என்று முதல் நாளே உணர்த்திவிட்டது. துகளை லேசாக நனைத்துவிட்டுச் சலித்தால் பாதிச் சிரமம் இல்லை.

மாடி வேலை வைகாசியில் நடந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் மேல், ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு வெர்மிகுலைட் என்ற கணக்கில் இரண்டு அங்குலக் கனத்துக்குக் கலவை போட்டு, அது காய்ந்த பின் நீர்த்தடுப்புப் பூசி, மேலே தட்டோடு பதித்தோம். எங்கள் பகுதியில் உப்புக் காற்றால் கூரைக் கம்பிகள் துருப்பிடித்துச் சிமெண்டுச் சில்லுகள் உதிர்வது வீட்டுக்கு வீடு காணும் காட்சி. இந்தக் கூரையும் முதுமை அடைந்ததுதான். சாதாரணக் கான்கிரீட் கன மீட்டருக்கு ஏறத்தாழ 2400 கிலோ எடை கொண்டது. அந்த இரண்டு அங்குலத்தை அதைக் கொண்டு போட்டிருந்தால் 1300 கிலோவுக்கு மேல் சுமை ஏறியிருக்கும். இந்தக் கலவை அதில் நான்கில் ஒரு பங்கை ஒட்டியே நின்றது என்பதுதான் நான் இதைத் தேர்ந்தெடுத்த முதற் காரணம். வெப்பம் குறைவது இரண்டாவது காரணம், அதிலும் ஏமாற்றம் இல்லை: முன்பெல்லாம் இரவு பத்து மணிக்கும் அனல் வீசிய அந்த அறையில், இப்போது மாலையிலேயே படுத்திருக்க முடிகிறது.

ஆனால் இதைச் செய்ய நினைப்பவர்கள் மூன்று இடங்களில் கவனமாக இருக்க வேண்டும். கொத்தனார் கலவையை எந்திரத்தில் போட்டு நெடுநேரம் சுழற்றத் தொடங்கினார். அப்படிச் செய்தால் விரிந்த துகள்கள் நொறுங்கி, காசு கொடுத்து வாங்கிய காற்று இடைவெளி அத்தனையும் போய்விடும். முதல் கலவையிலேயே நிறுத்தச் சொல்லி, மற்றவற்றைத் தரையில் மண்வெட்டியால் புரட்டிக் கலந்தோம். இரண்டாவதாக, இது தண்ணீரை வெகுவாகக் குடிக்கும், விடுவதற்கு நாள் எடுக்கும். ஈரம் அடங்குவதற்குள் நீர்த்தடுப்புப் பூசினால் அது கொப்புளம் கொப்புளமாக எழும்பும். சித்திரை, வைகாசி வெயில் தவிர வேறு காலத்தில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம் என்பேன். மூன்றாவதாக, இதற்குச் சுமை தாங்கும் வலு கிடையாது. மேலே தட்டோடு இல்லாமல் விட்டால் நடந்தே தேய்த்துவிடலாம். கலவைக்குக் கிணற்று உப்புத் தண்ணீரைத் தொடவே கூடாது என்பதை இந்தக் கரையில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

இனி நாற்று. எனக்கு மிகுந்த மனநிறைவு தந்தது இந்தப் பகுதிதான். நன்கு அலசிய தென்னை நார்த்தூள் மூன்று பங்கு, வெர்மிகுலைட் ஒரு பங்கு, பெர்லைட் என்னும் பொரித்த எரிமலைக் கல் துகள் ஒரு பங்கு என்று கலந்து, குழித்தட்டுகளில் ஆவணியில் முண்டு மிளகாயும் கத்தரியும் விதைத்து, விதையின் மேல் வெர்மிகுலைட் நொய்யை மட்டும் மெல்லிய போர்வையாகத் தூவினேன். மேல்மண் இறுகிப் பொருக்குத் தட்டி முளையைத் தடுக்கும் தொல்லை அறவே இல்லை. காலையில் ஊற்றிய நீரின் ஈரம் மாலைவரை விரலுக்குத் தெரிந்தது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாயை, முதுகுளத்தூர்ப் பக்கத்து விவசாயிகள் மழையை நம்பி நேரடியாகவே விதைக்கிறார்கள். அவர்களுக்கு இந்தச் செலவு தேவையில்லை. வீட்டு மாடியிலும் நாற்றங்காலிலும் வளர்ப்பவர்களுக்கே இந்தப் பரிந்துரை.

இங்கே ஓர் எச்சரிக்கை. வெர்மிகுலைட் நீரை மட்டும் பிடித்து வைப்பதில்லை. பொட்டாசியம், மக்னீசியம், கால்சியம் போன்ற சத்துகளைத் தன் அடுக்குகளில் பற்றிக்கொண்டு வேருக்கு மெதுவாகக் கொடுக்கும் குணம் அதற்கு உண்டு. அதே குணத்தால் உப்புத் தண்ணீரில் உள்ள சோடியத்தையும் அது பற்றிக்கொள்ளும். சோதனைக்காக ஒரு தட்டுக்குக் கிணற்று நீரையே ஊற்றினேன். மூன்றாம் வாரத்தில் இலை ஓரங்கள் கருகின. தொட்டியில் பிடித்த மழைநீர் ஊற்றிய தட்டுகள் பசுமையாக இருந்தன. மழைநீர் இல்லாதவர்கள் இதற்குச் செலவிடுவதை நான் ஊக்குவிக்க மாட்டேன்.

மணற்பாங்கான தோட்டத் தரையில் இதைக் கொட்டலாமா என்று பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். பிடிமானமில்லாத மணலுக்கு நீரையும் சத்தையும் பிடித்து வைக்கும் களித்தன்மைதான் தேவை. கண்மாயில் எடுக்கும் கரம்பை மண் அதே வேலையைப் பல மடங்கு குறைந்த செலவில் செய்யும். நம் முன்னோர் வண்டி வண்டியாகக் கரம்பை அடித்ததன் காரணம் இதுவே.

மீந்த அரை மூட்டையைப் பாம்பனில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கும் என் மைத்துனர் எடுத்துக்கொண்டார். வார்ப்பிரும்பை வெல்டிங் செய்தவுடன் வெளிக்காற்றில் விட்டால் சட்டென்று குளிர்ந்து விரிசல் விடும். அவர் இதுவரை சாம்பலில் புதைத்து வந்தார். இப்போது ஒரு தகர டிரம்மில் வெர்மிகுலைட்டை நிரப்பி அதற்குள் புதைக்கிறார். பாகம் கையில் எடுக்கும் சூட்டுக்கு வர இரவு முழுவதும் ஆகிறது. 1300 பாகைக்கு மேல்தான் இது உருகும் என்பதால், ஒரே சரக்கைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடிகிறது.

கடைசியாக, கடைக்காரரிடம் நான் கேட்டும் கிடைக்காத ஒன்று. அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்து லிப்பி நகரச் சுரங்கத்தில் கிடைத்த வெர்மிகுலைட்டுடன் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருந்ததால் தொழிலாளரும் ஊர் மக்களும் நுரையீரல் நோயால் மாண்டார்கள். அந்தச் சுரங்கம் 1990இல் மூடப்பட்டது. எல்லாச் சுரங்கத்துச் சரக்கும் அப்படிப்பட்டதல்ல. ஆனால் மூட்டையின் மேல் எந்தச் சுரங்கத்துச் சரக்கு என்பதும், கல்நார் இல்லை என்ற சோதனைச் சான்றும் இருந்தாக வேண்டும். எனக்கு வந்த மூட்டைகளில் இரண்டுமே இல்லை. அடுத்த ஆவணிக்கு நொய் ரகத்தில் ஒரு மூட்டை வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சான்றை வரவழைத்துக் காட்டினால் அதே கடையில்தான் வாங்குவேன்.